ஒரே பந்தி, ஒரே ஜெபம்

தனி மரம் தோப்பாகாது என்பார்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்றும் சொல்வார்கள். தேருக்கு மட்டுமல்ல, தெய்வ பக்திக்கும் இது பொருந்தும். பக்தி தனி மனிதனுடைய உள்ளத்தில் பிறக்கிறது. ஆனால் அது வாடாமல் வளர்வதற்குக் கூட்டாளிகள் வேண்டியிருக்கிறது. வைணவர்களின் பஜனை கோஷ்டியும், சைவர்களின் அடியார் திருக்கூட்டமும் இதை உணர்ந்து ஏற்பட்டவையே. கிறிஸ்தவர்கள் இதற்கு 'ஐக்கியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தேற்றுவது; ஒருவர் வழி தவறினால் மற்றவர் அன்போடு எடுத்துச் சொல்வது; ஒருவர் வீட்டுத் துக்கத்தை மற்றவர் தம் துக்கமாக எண்ணி வந்து உட்காருவது. இவையே ஐக்கியத்தின் இலக்கணம். ரோமாபுரியிலிருந்த விசுவாசிகளுக்குக் கடிதம் எழுதிய பவுல் அப்போஸ்தலர், தாம் அவர்களைத் திடப்படுத்த விரும்புவதோடு, அவர்களால் தாமும் ஆறுதல் பெற விரும்புவதாகத் தெரிவித்தார். உபதேசிப்பவரும் கேட்பவரிடமிருந்து பலம் பெறலாம் என்பது இதன் கருத்து.

சொல்வது எளிது. ஆனால், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி எழுந்தவுடன் சோதனை ஆரம்பமாகிவிடுகிறது. அந்தச் சோதனையின் வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே கண்ட பூமி, பழைய தென்னாற்காடு, வடஆற்காடு ஜில்லாக்கள்.

மலையும் சமவெளியும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று அதற்கு இரண்டு பிரிவுகள். கோமுகி ஆறு அங்கே பிறந்துதான் சமவெளிக்கு வருகிறது. மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்தாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்தான். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த மலை, 1976-இல்தான் முழுமையாக அரசாங்கத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, மலையின் ஒரு பகுதியும் அடிவாரமும் அதில் அடங்கின.

மலையாளி மக்களிடையே ஒரு பழங்கதை வழங்கி வருகிறது. முன்னொரு காலத்தில் காஞ்சீபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் புறப்பட்டார்களாம். ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று குடியேறினார்களாம். மலைகள் வேறானாலும் நாம் அண்ணன் தம்பிகளின் மக்கள் என்பது கதையின் சாரம். இந்தப் பெரியண்ணனையும் சின்னண்ணனையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறோர் இடத்தில் இதே பெயர்கள் மறுபடியும் வரும்.

மலையில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அடிவாரத்திலும் சமவெளியிலும் கத்தோலிக்கப் பங்குகள் கொண்ட பழைய கிராமங்கள் உண்டு; லுத்தரன் சபைகளும் உண்டு. இந்த இரு திருச்சபைகளின் வரலாற்றிலும் ஐக்கியம் என்ற சொல்லுக்குக் கடுமையான பரீட்சை நடந்திருக்கிறது.

கடன் அடைக்கப் போய்க் கண்ட வழி

சிறு குழுவாகக் கூடி ஒருவரையொருவர் ஊக்குவிக்கும் முறை, ஐரோப்பாவில் புத்துயிர் பெற்றது 17-ஆம் நூற்றாண்டில். 1670-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துப் போதகரான ஸ்பேனர், தம் வீட்டிலேயே சிலரைக் கூட்டி வேதம் வாசித்துப் பேசும் வழக்கத்தைத் தொடங்கினார். பிரசங்க மேடையிலிருந்து ஒருவர் பேச, மற்றவர் கேட்டுவிட்டுப் போவது போதாது என்பது அவர் எண்ணம். அந்த இயக்கத்தில் வளர்ந்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர். எனவே, தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு சபைக்கு வீட்டு ஜெபக்கூட்டம் என்பது பிறவிச் சொத்து எனலாம்.

இங்கிலாந்தில் இது வேறு விதமாக நிகழ்ந்தது. 1742-இல் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்டுகளுக்குக் கட்டடக் கடன் கழுத்தை நெரித்தது. ஃபாய் என்ற கப்பல் தலைவர் ஒரு யோசனை சொன்னார். பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. குழுத் தலைவர் வீடு வீடாகப் போய் வாங்கி வர வேண்டும். ஏழைகள் என்ன செய்வார்கள் என்று ஒருவர் கேட்டார். மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என் குழுவில் விடுங்கள். அவர்களால் முடியாததை நான் போட்டுவிடுகிறேன் என்றார் அவர்.

காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலவரத்தையும் கண்டார்கள். ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் நோய். இத்தனை நாள் இவை தெரியாமல் போயிற்றே என்று விழித்துக்கொண்டார் ஜான் வெஸ்லி. கடன் வசூல் முறை, ஆத்தும விசாரணை முறையாக மாறிற்று. வாரம் ஒரு தடவை பன்னிரண்டு பேரும் கூடுவார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரம் தாம் எப்படி இருந்தோம் என்று சொல்வார்கள். ஒளிப்பதற்கு இடமில்லாத சிறு கூட்டம் அது. அங்கே ஒருவர் வராவிட்டால் பதினொரு பேருக்கும் தெரிந்துவிடும். ஐக்கியத்தின் பலம் முழுவதும் இந்த எளிய விஷயத்தில்தான் இருக்கிறது.

பந்தியில் எழுந்த கேள்வி

ஆனால் தமிழ்நாட்டில், பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் உட்கார வேண்டுமென்றால் முதலில் அந்த வீட்டுக்குள் பன்னிரண்டு பேரும் நுழைய முடிய வேண்டும். அங்கேதான் ஜாதி குறுக்கே நின்றது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி அன்று. ஆதி திருச்சபையிலேயே இதன் சாயல் உண்டு. அந்தியோகியா நகரில் யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து உணவருந்திக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் மெல்லப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அதைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். உபதேசத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை, சாப்பாட்டில்தான் வித்தியாசம். எனினும், பந்தி பிளந்தால் சபையும் பிளந்துவிடும் என்று கண்டுகொண்டார் பவுல்.

தரங்கம்பாடிச் சபையில் தொடக்க காலம் முதலே ஜாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்காரும் வழக்கம் இருந்தது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தம் ஆளுகைக்கு உட்பட்ட சபைகளில் ஜாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்குழப்பம் மூண்டது. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிமார் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஜாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது; எல்லாரோடும் சேர்ந்து உண்டு காட்ட வேண்டும் என்று அது தீர்மானித்தது.

லீப்சிக் மிஷனார் இதற்கு இணங்கவில்லை. ஜாதி ஒரு சமூக வழக்கம். வேதம் உள்ளத்தில் வேரூன்ற ஊன்ற அது தானே உதிர்ந்துவிடும். பலவந்தம் கூடாது என்பது அவர்கள் கட்சி. அவர்களில் ஒருவரான கார்ல் ஓக்ஸ் ஐயருக்கு இந்தச் சமாதானம் திருப்தி தரவில்லை. உதிரும் உதிரும் என்று காத்திருந்தால், அதுவரை கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன பதில் என்பதே பிரச்சனை. அவர் தம் மிஷனை விட்டுப் பிரிந்தார். 1861-இல் தென்னாற்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாக ஊழியம் தொடங்கினார். அந்த ஊழியத்தை டேனிஷ் மிஷன் சங்கம் ஏற்றுக்கொண்டது. பிறகு திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவி, கள்ளக்குறிச்சிச் சீமையிலும் கால் ஊன்றியது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழி வந்ததே. ஒரு பந்தி விவகாரம் ஒரு திருச்சபைக்கே வித்தாக அமைந்தது!

தானம் வேண்டாம், தோழமை வேண்டும்

ஜாதி ஒரு சுவர் என்றால், நிறம் இன்னொரு சுவர். வெள்ளைக்கார மிஷனரி இந்தியருக்குக் கல்வி கொடுத்தார், மருந்து கொடுத்தார், உயிரையும் கொடுத்தார். ஆனால் தம் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி மட்டும் கொடுக்கத் தயங்கினார். இதைப் பகிரங்கமாகச் சொல்லும் துணிவு நெல்லைச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த ஒரு தமிழருக்கு இருந்தது. அவர்தான் வே. ச. அசரியா.

1910-இல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தனர். ஆசியர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. அந்தச் சபையில் எழுந்த அசரியா, மிஷனரிகளின் தியாகத்துக்கு முதலில் நன்றி சொன்னார். பிறகு, எங்களுக்கு வேண்டியது உங்கள் அன்பு, நண்பர்களைத் தாருங்கள் என்று வேண்டிக்கொண்டார். சபையில் பலருக்கு அது கசந்தது. ஆயினும் அந்த வேண்டுகோள் இன்றளவும் உலகெங்கும் நினைக்கப்படுகிறது. இரண்டே ஆண்டுகளில், 1912-இல், அசரியா தோர்ணக்கல் பிஷப்பானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

பெரியண்ணனும் சின்னண்ணனும்

அசரியா கேட்ட நட்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி கிடைத்தது. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் கணவாய். அதற்கப்பால் ஜவ்வாது மலை. அதன் மேற்கே, ஏலகிரியை எதிரே பார்த்துக்கொண்டு இருப்பது திருப்பத்தூர். அங்கே 1921-இல் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' நிறுவப்பட்டது. நிறுவியவர்கள் இருவர். ஒருவர் தமிழரான டாக்டர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன்.

பேட்டன் பெரிய கம்பளி நூல் ஆலைக் குடும்பத்தில் பிறந்த செல்வர். ஏசுதாசன் சீமைக்குப் போய் வைத்தியம் படித்தவர். அங்கே முளைத்த சிநேகம் இங்கே ஆசிரமமாகப் பழுத்தது. இருவரும் பிரமசாரிகளாகவே வாழ்ந்தனர். கதர் உடுத்தினர், தரையில் அமர்ந்து, நம் நாட்டுச் சைவ உணவை உண்டனர். ஆஸ்பத்திரி வைத்து ஏழைக் கிராமத்தாருக்குச் சிகிச்சை செய்தனர். ஆசிரமத்தில் ஏசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'.

இந்தப் பெயர்களில் ஒரு புரட்சியே அடங்கியிருக்கிறது. அது பிரிட்டிஷ் ஆட்சிக் காலம். எந்த ஸ்தாபனத்திலும் வெள்ளைக்காரர் மேலே, இந்தியர் கீழே என்பது எழுதாத சட்டம். அப்படிப்பட்ட காலத்தில் பணம் கொண்டுவந்த வெள்ளைக்காரர் தம்பியாக இருந்தார். தமிழர் அண்ணனாக இருந்தார். அது நாடக மேடைக்காகப் போட்ட வேஷம் அன்று. காலை ஜெபத்திலும், அறுவைச் சிகிச்சை அறையிலும், சாப்பாட்டுக் கூடத்திலும் அன்றாடம் நடந்த வாழ்க்கை.

சின்னண்ணன் இதற்கு விலையும் கொடுத்தார். 1932-இல் சட்டமறுப்பு இயக்கம் நடந்துகொண்டிருந்த சமயம். சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த பகுதியில், கதர் உடையில் காணப்பட்ட பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தனர். அவர்மீது சாய நீரையும் பாய்ச்சினர். இந்தச் செய்தி கடல் கடந்து போய்ப் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்வியாக எழுந்தது. கம்பளி ஆலைச் செல்வரின் பிள்ளை கதருக்காக அடிபட்டது அன்று பலரைச் சிந்திக்க வைத்தது.

அடுத்த ஆண்டு, 1933-இல், ஆசிரமத்தின் ஜெபாலயம் கட்டி முடிக்கப்பட்டது. கோபுரமும் மண்டபமும் கொண்டு, தமிழ்நாட்டுக் கோவில் சிற்ப முறையில் அமைந்த ஆலயம் அது. உள்ளே நாற்காலிகளோ பெஞ்சுகளோ கிடையாது. டாக்டரும் நோயாளியும், சீமைக்காரரும் சேரிக்காரரும் ஒரே தரையில்தான் அமர வேண்டும். தரைக்கு ஏது முதல் வரிசை, கடைசி வரிசை?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசிரமத்தார் முதலில் சமத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டுப் பிறகு சேர்ந்து சாப்பிடவில்லை. முதலில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சேர்ந்து வேலை செய்தார்கள். அதிலேதான் ஆன்மிக வளர்ச்சி கண்டார்கள். தினமும் ஒரே வீட்டில் இருப்பவரிடம் கோபத்தை மறைக்க முடியாது, சோம்பலை மறைக்க முடியாது. அண்ணன் தம்பியைத் திருத்துவதும், தம்பி அண்ணனைத் தாங்குவதும் அங்கே தவிர்க்க முடியாதவை. பிரிஸ்டல் நகரத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒரு நாள் செய்ததை, திருப்பத்தூரில் நாள்தோறும் செய்தார்கள்.

எறையூரின் காயம்

வெற்றியைச் சொன்ன பிறகு தோல்வியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் இருக்கிறது எறையூர். ஜெபமாலை அன்னையின் பெயரால் அமைந்த பெரிய ஆலயம் கொண்ட பழைய கத்தோலிக்க ஊர். அங்கே பெரும்பான்மையினரும் கிறிஸ்தவர்கள். அவர்களால் ஒதுக்கப்பட்டதாகக் குறை கூறிய தலித் மக்களும் கிறிஸ்தவர்கள். இறந்தவர் உடலைப் பிரதான வீதி வழியே கொண்டு போக முடியவில்லை. கல்லறைத் தோட்டம் வேறு. ஆலயத்தில் சம உரிமை இல்லை என்பவை தலித் மக்களின் முறையீடுகள். இனிப் பொறுப்பதில்லை, எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

2008 மார்ச் மாதம் 9-ஆம் தேதி ஊரில் கலவரம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். எதிர்த்தரப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். அது தவக்காலம்! ஒரே சிலுவைப்பாதையைத் தியானிக்க வேண்டிய நாட்களில், ஒரே ஊர்க் கிறிஸ்தவர்கள் இரு தரப்பாக நின்றார்கள். இரு பக்கத்திலும் தாய்மார்கள் அழுதார்கள்.

தனிப் பங்கு கேட்டவர்கள் ஐக்கியத்தை உடைக்கக் கேட்டார்களா? அப்படி எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. உள்ளே இடம் இல்லாதபோதுதான் ஒருவன் தனி வீடு தேடுகிறான். ஓக்ஸ் ஐயருக்கு 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அதே கேள்வி, 21-ஆம் நூற்றாண்டில் எறையூரில் மறுபடியும் எழுந்தது. அன்று பந்தியில், இன்று கல்லறைப் பாதையில்.

எந்தத் தெருவில் கூடுவது?

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் இப்போது 'அன்பியம்' என்ற அமைப்பு நடைபெறுகிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுகின்றன. நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிக்கிறார்கள். அது தம் மனத்தில் எப்படித் தைத்தது என்று படித்தவரும் படிக்காதவரும் சொல்கிறார்கள். பிறகு, தெருவில் யாருக்கு நோய், யார் வீட்டில் பிள்ளையின் படிப்பு நின்றுபோயிற்று என்று பேசி, முடிந்ததைச் செய்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டங்களும் பெண்கள் சங்கங்களும் இதே பணியைச் செய்கின்றன. நெல்லைச் சீமைச் சபைகளில் நடக்கும் 'அசனம்' என்ற பொதுவிருந்தும் இந்த வகையைச் சேர்ந்ததே. பெரிய கோவிலில் ஆயிரம் பேருக்கு நடுவில் அழுதால் யாருக்கும் தெரியாது. பத்துப் பேர் உள்ள கூடத்தில் கண் கலங்கினாலே பக்கத்தில் இருப்பவர் கையைப் பற்றிக்கொள்வார்.

ஆனால் இங்கேயும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. நம் கிராமங்களில் தெரு என்றாலே பெரும்பாலும் ஜாதிதான். அக்கம்பக்கத்தார் மட்டுமே கூடினால், குழுவும் ஒரே ஜாதிக் குழுவாகவே முடிந்துவிடும். எல்லாத் தெருவிலும் ஜெபம் நடக்கும். ஆனால் ஒரு தெருவின் ஜெபம் மறு தெருவின் காதில் விழாது. ஆகையால், கூட்டம் எத்தனை நடக்கிறது என்பதைவிட, எந்த வீட்டில் நடக்கிறது, யார் வீட்டுத் தண்ணீரை யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்பதே உண்மையான கணக்கு.

ஒருவன் தன்னைப் போன்றவரோடு மட்டுமே பழகினால், தன் குறை அவனுக்குத் தெரியாது. அந்தக் குறை பக்கத்தில் இருப்பவருக்கும் இருக்கும். ஆகவே அது குறையாகவே படாது. மேல் தெருக்காரர் தம் கர்வத்தை அறிய வேண்டுமானால் கீழ்த் தெருக்காரர் வாய் திறக்க வேண்டும். கீழ்த் தெருக்காரர் தம் மனக்கசப்பை விட வேண்டுமானால் மேல் தெருக்காரர் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார வேண்டும். ஒருவரை ஒருவர் ஊக்குவிப்பது ஆன்மிக வளர்ச்சிக்கு வழி என்றால், அந்த 'ஒருவர்' யார் என்பதில்தான் வளர்ச்சியின் அளவே இருக்கிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. தேர் வடத்தைத் தொட உரிமை கேட்டு மக்கள் போராடிய ஊர்கள் தமிழ்நாட்டில் வேறு பலவும் உண்டு. எனினும், எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று வாரந்தோறும் ஜெபத்தில் சொல்கிறவர்களுக்குப் பொறுப்பு சற்று அதிகம்தான்.

மலையாளிகளின் கதையில் அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள். திருப்பத்தூரில் இரு வேறு கண்டங்களில் பிறந்தவர்கள் வந்து ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் ஆனார்கள். கடல் கடந்து வந்தவருக்கு முடிந்த காரியம், தெருவைக் கடந்து வர வேண்டியவருக்கு முடியாமல் போகுமா? ஒரு பாயை விரித்து, எதிர்த் தெருக்காரரை அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். ஜெபம் அதற்குப் பிறகு தானாகவே வரும்.